மின்ட் 22 போட்டா ஸ்கிரீன் கருப்பு, சத்தம் மட்டும் வருது: ஜிடி 730 கார்டு டிரைவர் பிரச்சினையா?

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். கடை கம்ப்யூட்டர் ஒண்ணு, ஐ5 மூணாவது ஜெனரேஷன், ஹெச்61 போர்டு, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டிருக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுட்டு, 11 இந்த பிராசஸருக்கு ஏறாதுன்னுட்டாவ, சரி லினக்ஸ் போட்டுப் பாப்போம்னு மின்ட் 22 பென்டிரைவ்ல ஏத்துனேன். மெனு நல்லா வருது, ஸ்டார்ட் கொடுத்தா லோகோ வருது, அப்புறம் கருப்பு. கொஞ்சம் கழிச்சு ஸ்பீக்கர்ல டொய்ங்குன்னு ஒரு சத்தம் வருது, படம் மட்டும் வரல. கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடி 730, 2 ஜிபி, செகண்ட்ஹேண்ட்ல வாங்குனது. போர்டுல இருக்க விஜிஏ போர்ட்டு போன ஐப்பசி இடியில போயிட்டு, அதனால கார்டு ஹெச்டிஎம்ஐல இருந்துதான் மானிட்டருக்கு கேபிள் போவுது. பரீட்சை அப்ளிகேஷன் நேரம், கடையில ஆள் நிக்காவ, இன்னொரு கம்ப்யூட்டர வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். ஃபோன்ல இருந்து அடிக்கேன், எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

களக்காட்டு வாழைத்தார்:
என்விடியா + லினக்ஸ் = கருப்பு ஸ்கிரீன். 2012லயே லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்துல ஒரு காலேஜ் மேடையில உக்காந்து கேமராவப் பாத்து நடுவிரலக் காட்டுனாரு அவியளுக்கு, தெரியும்லா. பூட் வரியில நோமோட்செட்னு ஒரு சொல்லு சேத்து இன்ஸ்டால் பண்ணு, உள்ள போயி என்விடியாவோட 470 டிரைவர் போடு, முடிஞ்சு. ஜிடி 730 கெப்ளர்ங்க தலைமுறை கார்டு, கெப்ளருக்கு 470தான் கடைசி.

லேப் அக்கா:
தம்பி, முதல்ல இன்ஸ்டால் பண்ற வழியப் பாப்போம். பென்டிரைவ் மெனுவுல ரெண்டாவதா காம்பாட்டிபிலிட்டி மோடுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அத கொடுங்க. அதுக்குள்ளயே நோமோட்செட் இருக்கு, நீங்க தனியா அடிக்க வேண்டாம்.

அது என்ன செய்யுதுன்னா, சாதாரணமா லினக்ஸோட கரு, அதான் கர்னல், ஏறும்போதே கிராபிக்ஸ் சிப்ப தன் கைக்கு எடுத்துக்கிட்டு ரெசல்யூஷன் எல்லாம் அதுவே வைக்கும். என்விடியாவுக்கு லினக்ஸ் கூடவே வர நூவோ டிரைவர், இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, இவங்கதான் அந்த வேலையப் பாக்குறது. நோமோட்செட்னு சொன்னா யாரும் கார்ட தொடாதீங்க, பயாஸ் என்ன படம் குடுத்துச்சோ அதையே வச்சு ஓட்டுங்கன்னு அர்த்தம். படம் பெருசா, மங்கலா, மெதுவா இருக்கும். பயப்படாதீங்க, இன்ஸ்டால் பண்ண அது போதும்.

இன்ஸ்டால் முடிஞ்சு முதல் தடவ ஏறும்போதும் கருப்பாத்தான் வரும். எத ஏத்தணும்னு கேக்குற கிரப் மெனு வரலன்னா ஷிஃப்ட்ட அமுக்கிப் பிடிங்க, யுஇஎஃப்ஐ மெஷின்னா எஸ்கேப்ப ஒரு தட்டு. மெனு வந்ததும் கீபோர்டுல இ தட்டுங்க, லினக்ஸ்னு தொடங்குற வரியில கொயட் ஸ்பிளாஷ்க்கு அப்புறம் ஒரு இடம் விட்டு நோமோட்செட் அடிச்சு எஃப்10. இது அந்த ஒரு தடவைக்குத்தான், அடுத்த தடவ தானா போயிடும்.

கமாண்ட் எல்லாம் சொல்ற மாதிரி தமிழ்ல எழுதுறேன், டெர்மினல்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
அக்கா ரொம்ப தேங்க்ஸ், காம்பாட்டிபிலிட்டி மோடுல வந்துட்டு. இன்ஸ்டாலும் ஆயிட்டு. இ தட்டி நோமோட்செட் போட்டு உள்ள போயிட்டேன். ஆனா எல்லாம் பூதாகரமா தெரியுது, ஒரு விண்டோ தொறந்தா ஓகே பட்டன் மானிட்டருக்குக் கீழ போயி நிக்கி. டிரைவர் மேனேஜர் தொறந்து பாத்தேன், என்விடியா டிரைவர் ஒண்ணுமே காட்டல, நூவோதான் இருக்கு, வேற சாய்ஸே இல்ல. வாழைத்தார் அண்ணன் சொன்ன 470 அதுல காணோமே?

களக்காட்டு வாழைத்தார்:
டிரைவர் மேனேஜர் சில நேரம் காட்டாது, அதப் பாத்துக்கிட்டு இருக்காத. டெர்மினல்ல சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-470 அடி. எங்கிட்டயும் அதே ஜிடி 730தான், வெண்ணெயா ஓடுது. அந்த நோமோட்செட்டையும் கிரப் ஃபைல்லயே நிரந்தரமா போட்டுக்கோ, தினம் யாரு இ தட்டிக்கிட்டு கெடக்க.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
ரெண்டையும் பண்ணிட்டேன். இப்போ முன்னவிட மோசம். டெஸ்க்டாப்பே இல்ல, இடது மூலையில ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்னு நிக்கி. அந்த டொய்ங் சத்தமும் போச்சு.

கருப்பட்டி காப்பி:
ஏ நிறுத்துங்கப்பா. யாரும் எதையும் போடச் சொல்லாதிய.

தம்பி, டிரைவர் மேனேஜர் காட்டலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அது கார்டோட ஐடிய வாசிச்சு, எந்த டிரைவர் அந்த ஐடிய ஏத்துக்குமோ அத மட்டுந்தான் காட்டும். 470 காட்டலன்னா 470 ஒங்க கார்ட ஏத்துக்கலன்னு அர்த்தம். அவ்வளவு தெளிவா அது சொல்லியும் நாம பொடதியில அடிச்சு ஏத்துனா மினுக்காம என்ன செய்யும்.

ஜிடி 730ன்னு டப்பாவுல போட்டிருக்கத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுவே. 2014ல அந்தப் பேருல வந்த கார்டு ஒரே சாதி கெடையாது. ஒண்ணு ஜிகே208 சிப்பு, கெப்ளர், 384 கோர், 64 பிட் மெமரி. இன்னொண்ணு ஜிஎஃப்108 சிப்பு, அது ஃபெர்மி, 96 கோர், 128 பிட் டிடிஆர்3. ஃபெர்மிங்கது 2010 காலத்துச் சரக்கு, அதையே பேர மாத்தி 2014லயும் வித்தாவ. வாங்குறவன் 128 பிட்டுன்னு பாத்ததும் பெருசா இருக்கேன்னு அததான் எடுப்பான். கெப்ளருக்கு கடைசி டிரைவர் 470. ஃபெர்மிக்கு 390. அதுக்கும் 2022 கடைசியோட அவிய முழுக்குப் போட்டாச்சு.

இப்போ எனக்கு ரெண்டு விஷயம் வேணும். கிரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுல ரெக்கவரி மோடு, அதுல ரூட்டுன்னு இருக்கும், போனா ஒரு கருப்பு டெர்மினல் வரும். அங்க எல்எஸ்பிசிஐ -என்என் அடிச்சு, விஜிஏன்னு வர வரிய மட்டும் ஃபோட்டோ எடுங்க. அப்புறம் கர்னலோட குறிப்பக் காட்டுற டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி மட்டும் அடிக்கணும்) போட்டு என்விடியான்னு வர வரி என்ன சொல்லுதுன்னு பாருங்க. வேற ஒண்ணும் தட்டாதிய.

தென்காசி சாரல்:
இடையில வாரேன், மன்னிக்கணும் அண்ணாச்சி, எனக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 3050, உபுண்டு 24.04. டிரைவர் போட்டேன், இன்ஸ்டால் ஆயிட்டுன்னுதான் சொல்லுது, ஆனா கார்டு நிலைமையக் காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சா டிரைவரோட பேச முடியலன்னு வருது. லேப்டாப் ஸ்கிரீன் நல்லா இருக்கு, ஹெச்டிஎம்ஐல புரொஜக்டர் மாட்டுனா வரல. வர வாரம் காலேஜ்ல பிரசன்டேஷன் இருக்கு.

லேப் அக்கா:
சாரல், இது இதே பிரச்சினை இல்லம்மா. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்டுச்சா? அப்புறம் ரீஸ்டார்ட் ஆகும்போது நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?

தென்காசி சாரல்:
ஆமாக்கா பாஸ்வேர்டு கேட்டுச்சு, வச்சேன். நீல ஸ்கிரீன் வந்த மாதிரி இருந்துச்சு, நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், வந்து பாக்குறதுக்குள்ள அதுவா போயிட்டு.

லேப் அக்கா:
அதேதான். எங்க லேப்ல புதுசா வந்த மெஷின் பாதிக்கு இந்தக் கதைதான். பயாஸ்ல செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தா, கையெழுத்து இல்லாத டிரைவர கர்னல் உள்ள விடாது. டிரைவர உங்க மெஷின்லயே கட்டி உங்க மெஷின் சாவி வச்சே கையெழுத்துப் போட்டுக்கும், ஆனா அந்தச் சாவிய நம்பலாம்னு நீங்கதான் ஒரு தடவ சொல்லணும். அதக் கேக்கத்தான் அந்த நீல ஸ்கிரீன் வரும், பத்து செகண்டு காத்திருக்கும், யாரும் கீ தட்டலன்னா அது பாட்டுக்கு போயிடும்.

முதல்ல மோக்யுட்டில் --எஸ்பி-ஸ்டேட் அடிச்சு செக்யூர் பூட் எனேபிள்டுன்னு வருதான்னு பாருங்க. வந்தா சுடோ மோக்யுட்டில் --இம்போர்ட்னு அடிச்சு, வார்-க்கு கீழ லிப், அதுக்குள்ள ஷிம்-சைன்டு, அதுக்குள்ள மோக், அதுல இருக்க மோக்.டெர் ஃபைலோட பாதையக் கொடுங்க. ஃபைல் பேருல மோக் மூணும் பெரிய எழுத்து, அது முக்கியம். திரும்ப பாஸ்வேர்டு கேக்கும், சும்மா சின்னதா ஒண்ணு வைங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு எந்திரிச்சுப் போகாதீங்க! நீலத்துல என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட்.

புரொஜக்டர் வராததுக்கும் அதான் காரணமா இருக்கும், நிறைய லேப்டாப்புல ஹெச்டிஎம்ஐ ஓட்டைய என்விடியா சிப்போடதான் இணைச்சிருக்காங்க, உள்ள இருக்க ஸ்கிரீன் மட்டும் இன்டெல்லயோ ஏஎம்டிலயோ ஓடும். அந்த சிப்பு எந்திரிக்காம ஹெச்டிஎம்ஐ வராது.

தென்காசி சாரல்:
வந்துட்டுக்கா!!! என்விடியா-எஸ்எம்ஐல டேபிள் மாதிரி வருது, டிவியில மாட்டிப் பாத்தேன் படமும் வருது.

வள்ளியூர் காத்தாடி:
இதுக்குத்தான் ஏஎம்டி வாங்குங்கன்னு தலபாடா அடிக்கது. டிரைவர் கர்னல்லயே கெடக்கு, தேட வேண்டாம், கையெழுத்து வேண்டாம், நீலம் வேண்டாம்.

கருப்பட்டி காப்பி:
காத்தாடி, ஓரளவு சரிதான், ஆனா ஏஎம்டின்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொல்லாதீரும். டிரைவர் கர்னல்ல இருக்கு, அந்த சிப்புக்கு ஏத்துற ஃபர்ம்வேர் தனியாதான் வரணும். டெபியன் 11 வரைக்கும் அவியளோட அஃபிஷியல் ஐஎஸ்ஓவுல அந்த ஃபர்ம்வேர் கெடையாது, ரேடியான் மாட்டி போட்டவன்லாம் கருப்பப் பாத்துட்டுத்தான் வந்தான். 2023 ஜூன்ல டெபியன் 12 வந்தப்பதான் உள்ளயே சேத்தாவ. அதே மாதிரி 2025 மார்ச்சுல ஆர்எக்ஸ் 9070 வந்த கையோட வாங்கி பழைய கர்னல் இருக்க டிஸ்ட்ரோவுல மாட்டுனவனுக்கு என்ன ஆச்சு? புதுக் கார்டுக்கு புதுக் கர்னல் வேணும், படம் வரையுற மெசா லைப்ரரியும் புதுசா வேணும். பழைய கார்டுக்கு பழைய டிரைவர் வேணும். கம்பெனி எதுவா இருந்தாலும் கணக்கு இதான்.

ஜெராக்ஸ் தம்பி எங்க?

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
இருக்கேன் அண்ணாச்சி, கடை அடைச்சிட்டு இப்பதான் உக்காந்தேன். நீங்க சொன்ன மாதிரி ரூட்டுக்குள்ள போயி பாத்தேன். ரெண்டு விஜிஏ வரி வருது. ஒண்ணு இன்டெல்னு இருக்கு. இன்னொண்ணு: என்விடியா கார்ப்பரேஷன் ஜிஎஃப்108, ஜீஃபோர்ஸ் ஜிடி 730, பக்கத்துல 10டிஇ:0எஃப்02. டிமெசேஜ்ல ஒரு நீளமான வரி, படிச்சுப் பாத்தா இந்தக் கார்டு 390 லெகசி டிரைவர்ல சப்போர்ட் ஆகும், 470 டிரைவர் இந்தக் கார்ட கண்டுக்காதுன்னு அதுவே சொல்லுது!

கருப்பட்டி காப்பி:
பாத்தியளா. நாம இங்கன பத்துப் பேரு பேசுறத அது ஒரே வரியில எழுதி வச்சுட்டு கெடக்கு, யாரு வாசிச்சா.

0எஃப்02ன்னா ஃபெர்மி. வாழைத்தாரு கார்டுல பாத்தா 1287ன்னு இருக்கும், அது ஜிகே208. ரெண்டு பேருக்கும் டப்பா ஒண்ணு, சரக்கு வேற. இப்போ மினுக்குற கதை என்னன்னா, 470 பேக்கேஜ் வந்ததும் நூவோவ பிளாக்லிஸ்ட் பண்ணி வெளிய தள்ளிட்டு, அதுவும் கார்ட எடுக்கல. ஆக கார்டுக்கு ஆளே இல்ல.

அந்த ரூட் டெர்மினல்லயே ஆப்ட் பர்ஜ், ஒரு இடம் விட்டு ஒத்த மேற்கோள் குறிக்குள்ள என்விடியா-ஸ்டார் அடிங்க. ரிமூவ் வேண்டாம், பர்ஜ்தான், அப்பதான் அந்த பிளாக்லிஸ்ட் ஃபைலும் போவும். ரீட்-ஒன்லின்னு அழுதுச்சுன்னா மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ அடிச்சு சாய்வுக்கோடு போடுங்க. அது முடிஞ்சதும் இடிசி, டிஃபால்ட், கிரப் ஃபைல நானோவுல தொறந்து நீங்க நிரந்தரமா போட்ட நோமோட்செட்ட எடுத்துட்டு அப்டேட்-கிரப். கடைசியா அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு.

அந்த நோமோட்செட் உள்ள கெடக்குற வரைக்கும் நூவோ கார்ட தொடவே தொடாது, நீங்க என்ன தலகீழா நின்னாலும் படம் பூதாகரமாத்தான் இருக்கும். அத நிரந்தரமா வைக்கச் சொன்ன மகராசன் யாரு?

களக்காட்டு வாழைத்தார்:
அண்ணாச்சி நாந்தான், எனக்கு அப்படி வச்சும் ஓடுதே...

கருப்பட்டி காப்பி:
ஒமக்கு 470 இருக்குவே, அந்த டிரைவர் நோமோட்செட்ட மதிக்காம அதுபாட்டுக்கு ஓடும். நூவோ மதிக்கும்.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
பர்ஜ் ஓடிக்கிட்டு இருக்கும்போது பாதியில கரண்டு போயிட்டு. யுபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துட்டு, பெட்டி மட்டுந்தான் கெடக்கு. இப்போ கரண்டு வந்து திரும்ப அடிச்சா பேக்கேஜ் ஏத்தி எறக்குற டிபிகேஜி பாதியில நிக்குதுன்னு சொல்லுது.

லேப் அக்கா:
ஒண்ணும் ஆகாது. டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ அடிங்க, விட்ட இடத்துல இருந்து முடிச்சுக்கும். அப்புறம் ஆப்ட் -எஃப் இன்ஸ்டால், அப்புறம் திரும்ப பர்ஜ். பேட்டரி வாங்குங்க தம்பி, கடை வச்சிருக்கீங்க.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
முடிஞ்சுது, சுத்தமா போயிட்டு. ரீஸ்டார்ட் பண்ணுனா... திரும்பவும் முதல்ல இருந்த கருப்பு. டொய்ங் சத்தம் வந்துட்டு. ஆனா ஒண்ணு கவனிச்சேன், மவுஸ அங்கயும் இங்கயும் இழுத்தா ஒரு ஓரத்துல இருந்து அம்புக்குறி ஸ்கிரீனுக்குள்ள வருது, மறுபடி அந்த ஓரத்துக்குப் போனா காணாமப் போவுது.

வள்ளியூர் காத்தாடி:
நூவோ ஃபெர்மியில ஊத்திக்கிட்டுன்னு நினைக்கேன். கார்ட தூக்கிப் போட்டுட்டு ஒரு பழைய ரேடியான் ஹெச்டி 6450 போடுங்க, ஏதாவது கடையில சல்லிசா கெடைக்கும்.

கருப்பட்டி காப்பி:
இருங்க இருங்க. அம்புக்குறி வருதுன்னா நூவோ ஊத்திக்கலவே, நூவோ நல்லாத்தான் படம் குடுக்கு. சத்தம் வருதுன்னா டெஸ்க்டாப்பும் ஏறியாச்சு. அம்பு ஓரத்துல போயி மறையுதுன்னா அந்த ஓரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்கிரீன் இருக்குன்னு மின்ட் நினைக்கு. மெனு, பேனல், எல்லாம் அங்கன கெடக்கு. தம்பி, எல்எஸ்பிசிஐல ரெண்டு வரி வந்துச்சுன்னு சொன்னேருல்லா, ஒண்ணு இன்டெல்னு? பொதுவா கார்டு மாட்டுனா ஹெச்61 போர்டுல இன்டெல் தானா அணைஞ்சிரும். அது ஏன் முழிச்சிருக்கு? இந்த மெஷின்ல இதுக்கு முன்ன ரெண்டு மானிட்டர் ஓடுச்சா?

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
ஆமா அண்ணாச்சி! கஸ்டமர் பாக்குறதுக்குன்னு கவுன்டருக்கு வெளிய ஒரு மானிட்டர் வச்சிருந்தோம், பேரு இனிஷியல்லாம் அவியளே பாத்து சரின்னு சொல்லுறதுக்கு. அதுக்குத்தான் இந்தக் கார்டே வாங்குனது. ஒண்ணு போர்டுல, ஒண்ணு கார்டுல. இடி விழுந்து போர்டு போர்ட்டு போனப்புறம் கடைப்பையன் வந்து ரெண்டாவது மானிட்டர்ல மட்டும் காட்டுற மாதிரி விண்டோஸ்ல ஏதோ வச்சுட்டுப் போனான்.

கருப்பட்டி காப்பி:
வந்துட்டு பாத்தியளா விஷயம். பயாஸ்ல ஐஜிடி மல்டி மானிட்டர்னு ஒண்ணு எனேபிள்ல கெடக்கும். இடியில அந்த விஜிஏ போர்ட்டு முழுசா சாகல, பாதி செத்துக் கெடக்கு, ஒரு மானிட்டர் மாட்டியிருக்க மாதிரியே இன்டெல் சிப்புக்கு காட்டிக்கிட்டு இருக்கு. விண்டோஸ்ல பையன் அத மறைச்சு வச்சுட்டான். மின்ட்டுக்கு அது எப்படித் தெரியும்? இல்லாத மானிட்டர்ல போயி டெஸ்க்டாப்ப விரிச்சு வச்சிருக்கு. காம்பாட்டிபிலிட்டி மோடுல ஏன் வந்துச்சுன்னு கேட்டா, அதுல இன்டெல் டிரைவரும் ஏறல, பேய் மானிட்டரும் இல்ல.

நான் சொல்லுதத அப்படியே நம்பாண்டாம், லாக்ல பாத்துருவோம். கிரப்ல இ தட்டி ஒரு தடவ நோமோட்செட் போட்டு உள்ள போங்க. வார், லாக் ஃபோல்டர்ல எக்ஸ்ஆர்க்.0.லாக்.ஓல்டுன்னு ஒரு ஃபைல் இருக்கும், போன தடவ என்ன நடந்துச்சுன்னு அதுல இருக்கும். கனெக்டட்னு தேடுங்க.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
அண்ணாச்சி... அவுட்புட் விஜிஏ-1 கனெக்டட்னு இருக்கு. அந்த ஓட்டையில கேபிளே இல்ல, சிலந்தி கூடுதான் கட்டியிருக்கு. 1024க்கு 768ன்னு ஒரு சைஸும் குடுத்து வச்சிருக்கு.

லேப் அக்கா:
அடப்பாவமே. நானும் சத்தம் வருதுன்னு எழுதுனத முதல் நாளே படிச்சேன், இப்படி இருக்கும்னு தோணவே இல்ல. டிரைவர் டிரைவர்னு எல்லாரும் கார்டு பின்னாடியே ஓடிட்டோம்.

கருப்பட்டி காப்பி:
பயாஸ்க்குள்ள போயி அந்த மல்டி மானிட்டர டிஸேபிள் பண்ணுங்க. ப்ரைமரி டிஸ்பிளேன்னு இருந்தா ஆட்டோவ மாத்தி பிஇஜியோ பிசிஐஇயோ, ஒங்க போர்டுல என்ன பேருல இருக்கோ அத வைங்க. எஃப்10 போட்டு சேவ்.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
வந்துட்டு!!! ஃபுல் ஹெச்டியில கண்ணாடி மாதிரி இருக்கு. டிரைவர் ஒண்ணும் போடல, வெறும் நூவோ. ஃபயர்பாக்ஸ் தொறந்தேன், பிடிஎஃப் தொறந்தேன், பிரின்டரும் தானா எடுத்துக்கிட்டு. அண்ணாச்சி பாளையங்கோட்டைப் பக்கமா இருந்தா சொல்லுங்க, அல்வா கொண்டு வந்து தாரேன்.

ஒரு சந்தேகம். இப்போ 390 போட்டா இதவிட நல்லா ஓடுமா? இல்ல இப்படியே விட்டுறலாமா?

களக்காட்டு வாழைத்தார்:
போட்டுப் பாக்கலாம், நூவோல ஸ்பீடு கம்மி.

கருப்பட்டி காப்பி:
வாழைத்தாரு, ஒம்ம கைய கட்டி வச்சாத்தான் சரி வரும்.

விட்டுருங்க தம்பி. 390 கடைசியா வந்தது 2022ல, அதுக்கப்புறம் வந்த கர்னல்ல அத கட்டணும்னா ஆரோ எழுதுன பேட்ச் போடணும், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காரணும். 390தான் வேணும்னு அடம் பிடிச்சா மின்ட் 21.3 போடலாம், அது உபுண்டு 22.04 மேல நிக்கது, கர்னல் 5.15, அதோட ரெபோவுலயே, அதான் சாஃப்ட்வேர் கிடங்குலயே, 390 இருக்கு, 2027 ஏப்ரல் வரைக்கும் ஓட்டலாம். ஆனா என்னத்துக்கு? அப்ளிகேஷன் போடுறதுக்கும் ஜெராக்ஸ் எடுக்கதுக்கும் நூவோ தாராளம்.

நூவோ மெதுவுங்கது கார்டப் பொறுத்தது. ஜிடிஎக்ஸ் 900 சீரிஸ்ல இருந்து என்விடியா கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாம கார்டு வேகத்த கூட்டவே விடல, அதனால அந்தக் கார்டெல்லாம் நூவோல ஆமை மாதிரிதான் ஊரும், அவியளுக்கு கம்பெனி டிரைவர் போட்டே ஆகணும். அதுக்கப்புறம் ஆர்டிஎக்ஸ் 20 வந்ததுல இருந்து ஜிஎஸ்பின்னு கார்ட நிர்வகிக்குற ஒரு குட்டி பிராசஸர் கார்டுக்குள்ளயே வந்துட்டு, கர்னல் 6.7ல இருந்து நூவோ அத வச்சு வேகம் கூட்டிக்க முடியும். நடுவுல மாட்டுனது 900ம் 1000மும்தான் பாவம். சாரல் பிள்ளைக்கு இருக்க 3050க்கு கம்பெனி டிரைவரே நல்லது, அத எடுத்துராண்டாம்.

இன்னொண்ணு, வலைத்தளத்துல இருந்து டாட் ரன் ஃபைல எறக்கிப் போடச் சொல்லுவாவ வீடியோவுல. போடாதிய. ரெபோவுல இருக்கது கர்னல் மாறுனா தானா திரும்பக் கட்டிக்கும், அது கர்னல் மாறுன அன்னைக்கு படுத்துக்கும்.

தென்காசி சாரல்:
அண்ணாச்சி, செகண்ட்ஹேண்ட்ல கார்டு வாங்குறவிய முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கது? என் ஃபிரண்டு ஒருத்தன் 1050 டிஐன்னு ஒண்ணு பேசி வச்சிருக்கான், விலை ரொம்ப கம்மியா சொல்லுதாவ.

கருப்பட்டி காப்பி:
ரொம்ப கம்மின்னாலே நில்லுங்க. பழைய ஃபெர்மி கார்டுல பயாஸ மாத்தி எழுதி 1050 டிஐன்னு காட்ட வச்சு விக்கிற கூட்டம் இருக்கு. விண்டோஸ் மெஷின்ல மாட்டி ஜிபியு-இசட் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, 2018ல இருந்து அது போலின்னா பேருக்கு முன்னாலயே ஃபேக்னு போட்டுக் குடுத்துரும். அசல்னா ஜிபி107ன்னு சிப்பு காட்டும். ஓட்டிக் காட்ட மாட்டேன்னு சொன்னா துட்டக் குடுக்காண்டாம். பின்னால விஜிஏ ஓட்டை இருந்தாலும் சந்தேகம்தான், 1000 சீரிஸ்ல என்விடியா அந்த அனலாக் அவுட்புட்டையே எடுத்துட்டாவ.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
அண்ணாச்சி திரும்பவும் வந்துட்டு. ராத்திரி மெயின் ஆஃப் பண்ணிட்டுப் போனேன், காலையில வந்து போட்டா அதே கருப்பு, அதே டொய்ங், ஓரத்துல அம்பு. பயாஸ்ல போயிப் பாத்தா மல்டி மானிட்டர் திரும்ப எனேபிள்ல நிக்கி, தேதியும் ஏதோ பழைய வருஷம் காட்டுது.

கருப்பட்டி காப்பி:
தேதி போச்சுன்னா போர்டுல இருக்க செல்லு தீந்துட்டு. மெயின் அணைச்சதும் பயாஸ் எல்லாம் மறந்து கம்பெனி வச்ச செட்டிங்குக்கே போயிரும், ஒங்க போர்டுல அது எனேபிள்தான் போல. வட்டமா வெள்ளி மாதிரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் கடையிலயே கெடைக்கும். மாத்திட்டு பயாஸ்ல தேதியும் அந்த ரெண்டு செட்டிங்கும் திரும்ப வைங்க.

அதோட மின்ட் பக்கமும் ஒரு பூட்டு போட்டுருவோம், நாளைக்கு செல்லு திரும்ப தீந்தாலும் படம் வரணும்லா. கிரப் ஃபைல்ல கொயட் ஸ்பிளாஷ் இருக்க அதே வரியில, நோமோட்செட் இருந்த இடத்துல, வீடியோ=விஜிஏ-1:டின்னு போடுங்க. விஜிஏ பெரிய எழுத்து, டி சின்ன எழுத்து. அந்த ஓட்டைய செத்ததா எடுத்துக்கோன்னு கர்னலுக்குச் சொல்லுதது அது. சுடோ அப்டேட்-கிரப். கார்டுல நீங்க ஹெச்டிஎம்ஐலதான மாட்டியிருக்கிய, அதுக்கு இதால ஒண்ணும் ஆகாது.

சேரன்மாதேவி ஜெராக்ஸ்:
செல்லு மாத்தியாச்சு, அந்த வரியும் போட்டாச்சு. வேணும்னே பயாஸ்ல மல்டி மானிட்டர எனேபிள் பண்ணி ஏத்திப் பாத்தேன், அப்பவும் படம் நேரா வருது. திரும்ப டிஸேபிள் பண்ணி வச்சுட்டேன். கவுன்டர்ல ஆள் நிக்காவ, மத்தத ராத்திரி வந்து எழுதுதேன்.